கரைந்தால்தான் மருந்து

ஆண்டுதோறும் குடற்புழு நீக்க நாளன்று பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் பிள்ளைகளுக்கு அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறார்கள். 400 மில்லிகிராம், மென்று விழுங்க வேண்டியது. ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பாதி மாத்திரை. விழுங்கிய மருந்தில் நூற்றில் ஐந்து பங்குகூட இரத்தத்தில் சேர்வதில்லை. மீதியெல்லாம் குடலிலேயே இருந்து, வேலையை முடித்துவிட்டு வெளியேறிவிடுகிறது. புழு குடியிருப்பதும் குடலில்தான் என்பதால் இதில் நட்டம் ஏதுமில்லை.

அதே அல்பெண்டசோலை மூளையில் இருக்கும் ஒட்டுண்ணிக்கு எதிராகக் கொடுக்கும்போது நிலைமை தலைகீழாகிறது. பன்றி நாடாப்புழுவின் இளம்பருவம் இரத்த ஓட்டத்தோடு மூளைக்குப் போய் அங்கே நீர்க்கட்டியாகத் தங்கிவிடுவதுண்டு. நம் நாட்டில் வலிப்பு வருவதற்கான முக்கியக் காரணங்களில் இதுவும் ஒன்று. இந்த நோயாளிக்கு மருந்து குடலைத் தாண்டியே ஆக வேண்டும். அதனால்தான், வெறும் வயிற்றில் வேண்டாம், கொழுப்புள்ள சாப்பாட்டோடு எடுத்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர் வற்புறுத்துகிறார். அப்படிச் சாப்பிட்டால் இரத்தத்தில் சேரும் அளவு ஐந்து மடங்கு வரை கூடுகிறது. மாத்திரை மாறவில்லை, மூலக்கூறு மாறவில்லை, அளவும் மாறவில்லை. குடலில் எவ்வளவு கரைந்தது என்பது மட்டுமே மாறியிருக்கிறது.

மலேரியாவுக்குக் கொடுக்கும் லுமஃபான்ட்ரின் இன்னும் மோசம். கொழுப்புள்ள உணவோடு சாப்பிட்டால் அது இரத்தத்தில் சேரும் அளவு ஏறத்தாழ 16 மடங்கு உயர்கிறது. காய்ச்சலில் துவண்டு, ஒரு வாய் கஞ்சியைக்கூட உள்ளே வைத்துக்கொள்ள முடியாத குழந்தைக்கு இந்தக் கணக்கு என்ன சொல்கிறது? யாருக்கு மருந்து அதிகம் தேவையோ, அந்த உடலில்தான் மருந்து குறைவாகச் சேரும் என்று சொல்கிறது.

ஒரு நோயை வெல்லும் மூலக்கூறைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான். அதைக் கரையச் செய்வது மறுபாதி. இந்த மறுபாதியைச் செய்துமுடிக்க உருவான வழிகளில் ஒன்று, மருந்துக் கரைசலைத் துளிகளாகத் தெளித்து, கண்ணிமைக்கும் நேரத்தில் உறையவைத்து, வெற்றிடத்தில் உலர்த்தும் முறை. ஸ்ப்ரே ஃப்ரீஸ் டிரையிங் என்கிறார்கள். தமிழில் தெளிப்பு உறை உலர்த்தல் எனலாம்.

கரையாதவற்றின் கூட்டம்

வாய்வழியாகப் போகும் எந்த மாத்திரையும் உடலுக்குள் இரண்டு படிகளைக் கடந்தாக வேண்டும். முதலில் வயிற்றிலும் சிறுகுடலிலும் இருக்கும் நீரில் கரைய வேண்டும். பிறகு கரைந்த மூலக்கூறுகள் குடற்சுவரை ஊடுருவி இரத்தத்துக்குள் நுழைய வேண்டும். திண்மத் துகளாக இருக்கும்வரை குடற்சுவர் அதை உள்ளே விடாது. சிறுகுடலைக் கடக்க மருந்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ மூன்று, நான்கு மணி நேரம். அதற்குள் கரையாதது பெரும்பாலும் வீண்.

அமெரிக்க மருந்தியல் அறிஞர் கார்டன் அமிடோனும் அவருடைய குழுவினரும் 1995-ல் இந்த இரண்டு படிகளையும் வைத்து மருந்துகளை நான்கு வகைகளாகப் பிரித்தார்கள். நன்றாகக் கரைந்து நன்றாக ஊடுருவுபவை முதல் வகை. கரையாது, ஆனால் கரைந்துவிட்டால் எளிதாக ஊடுருவும் என்பவை இரண்டாம் வகை. கரையும், ஊடுருவாது என்பவை மூன்றாவது. இரண்டும் இல்லாதவை நான்காவது. நன்றாகக் கரைவது என்பதற்கு ஓர் எளிய அளவுகோலும் உண்டு: ஒரு வேளைக்குரிய மிக அதிக அளவு, 250 மில்லிலிட்டர் நீரில் முழுவதும் கரைந்துவிட வேண்டும். மாத்திரையோடு நாம் குடிக்கும் ஒரு டம்ளர் தண்ணீர்தான் அந்த 250 மில்லி.

இந்தத் தேர்வில் தோற்கும் மருந்துகள் கொஞ்சநஞ்சமல்ல. சந்தையில் இருப்பவற்றில் ஏறத்தாழ 40 விழுக்காடு நீரில் சரியாகக் கரையாதவை. ஆய்வு நிலையில் இருக்கும் புதிய மூலக்கூறுகளில் இந்தப் பங்கு இன்னும் பெரியது. காரணம் மருந்து தேடும் முறையிலேயே இருக்கிறது. 1990-களிலிருந்து, லட்சக்கணக்கான மூலக்கூறுகளை இயந்திரங்கள் மூலம் சோதித்து, நோய்க்குக் காரணமான புரதத்தோடு எது இறுகப் பிணைகிறது என்று தேடுகிறார்கள். அந்தப் புரதங்களின் பிணையும் இடங்கள் பல, நீரை வெறுக்கும் இயல்புடையவை. அங்கே நன்றாகப் பொருந்தும் மூலக்கூறும் நீரை வெறுப்பதாகவே அமைந்துவிடுகிறது. மருந்தை வலிமையாக்கும் அதே குணம்தான் அதைக் கரையவிடாமலும் தடுக்கிறது.

இவற்றில் நம்பிக்கை தருவது இரண்டாம் வகை. கரையவைத்துவிட்டால் போதும், மீதியை உடல் பார்த்துக்கொள்ளும். மூலக்கூறில் ஓர் அணுவைக்கூட மாற்றாமல், அது இருக்கும் வடிவத்தை மட்டும் மாற்றிப் பலன் பெறலாம்.

1897-ன் பாடம்

ஒரு பொருள் எவ்வளவு வேகமாகக் கரையும்? அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆர்தர் நோயஸும் வில்லிஸ் விட்னியும் 1897-ல் இதற்கு விடை தந்தார்கள். பென்சாயிக் அமிலம், காரீய குளோரைடு ஆகிய இரண்டையும் உருளைகளாக வார்த்து, நீருக்குள் சுழலவிட்டு, நேரம் செல்லச் செல்ல எவ்வளவு கரைகிறது என்று அளந்தார்கள். நீர் எந்த அளவுக்கு இன்னும் நிறைவடையாமல் இருக்கிறதோ, அந்த அளவுக்கு வேகமாகக் கரைதல் நடக்கிறது என்று கண்டார்கள். 1904-ல் ஜெர்மனியின் நெர்ன்ஸ்ட்டும் புரூனரும் இதை இன்னும் விரிவாக்கினார்கள். கரையும் துகளைச் சுற்றி அசையாத நீர்ப்படலம் ஒன்று இருக்கிறது; அதன் வழியே மூலக்கூறுகள் ஊர்ந்து வெளியேற வேண்டியிருக்கிறது.

மருந்து செய்பவருக்கு இந்த ஆய்வுகள் காட்டும் வழிகள் இரண்டு. ஒன்று, நீரைத் தொடும் பரப்பைக் கூட்டுவது. மற்றொன்று, பொருளின் கரைதிறனையே, அதாவது நீர் ஏற்கக்கூடிய உச்ச அளவையே உயர்த்துவது.

பரப்பைக் கூட்டுவது என்றால் பொடியாக்குவது. ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் மொத்தப் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதை ஒரு மில்லிமீட்டர் துண்டுகளாக வெட்டினால் ஆயிரம் துண்டுகள், 60 சதுர சென்டிமீட்டர். ஒரு மைக்ரோமீட்டர், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு வெட்டினால் ஒரு லட்சம் கோடித் துண்டுகள். பரப்பு 6 சதுர மீட்டர். ஒரு சிறிய அறையின் தரை அளவு!

படர்தாமரைக்குக் கொடுக்கும் கிரிசியோஃபல்வின் மருந்தில் இது நடைமுறையில் மெய்ப்பட்டது. துகளை மேலும் நுணுக்கியதும், குறைந்த அளவு மருந்திலேயே பழைய பலன் கிடைத்தது.

ஆனால் அரைப்பதற்கு எல்லை உண்டு. அரைக்க அரைக்கச் சூடு ஏறும்; நிலைமின்னேற்றம் கூடும்; நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மீண்டும் கட்டியாகும். நீரை வெறுக்கும் பொடியோ நனையவே மறுத்து மேலே மிதக்கும். பரப்பு கணக்கில் இருக்கும், ஆனால் நீர் அதைத் தொட்டிருக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, அரைப்பு பரப்பை மட்டுமே கூட்டுகிறது. கரைதிறனைக் கிட்டத்தட்ட அப்படியே விட்டுவிடுகிறது. அதை உயர்த்த வேண்டுமானால் படிகத்தின் கட்டுமானத்திலேயே கை வைக்க வேண்டும்.

கற்கண்டும் பஞ்சுமிட்டாயும்

கற்கண்டும் பஞ்சுமிட்டாயும் ஒரே சர்க்கரைதான். கற்கண்டில் மூலக்கூறுகள் வரிசை பிசகாமல் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் தன் அண்டை மூலக்கூறுகளை இறுகப் பற்றியிருக்கிறது. அதை வாயில் போட்டால் நெடுநேரம் கிடக்கும். பஞ்சுமிட்டாயில் உருகிய சர்க்கரை இழையாகப் பறந்து சட்டென்று குளிர்ந்துவிடுவதால், மூலக்கூறுகளுக்கு அடுக்கில் அமர நேரமில்லை. எப்படி இருந்தனவோ அப்படியே உறைந்துவிட்டன. நாக்கில் பட்டதும் மறைந்துவிடுகிறது. ஈரக்காற்று பட்டால் ஒட்டிப் பிசுபிசுத்துச் சுருங்கியும் விடுகிறது.

மருந்துகளிலும் இந்த இரு நிலைகள் உண்டு. அடுக்கப்பட்டது படிக நிலை. அடுக்கற்றது படிக உருவற்ற நிலை. அடுக்கிலிருந்து மூலக்கூறைப் பிடுங்கி எடுக்க ஆற்றல் செலவாகும். அடுக்கில்லாதபோது அந்தச் செலவு மிச்சம். படிக உருவற்ற நிலையில் கரைதிறன் பத்து மடங்கிலிருந்து ஆயிரம் மடங்குக்கு மேல்கூட உயரலாம் என்று சில மருந்துகளுக்கான கோட்பாட்டுக் கணக்குகள் சொல்கின்றன. சோதனைச்சாலையில் அளந்தால் அந்த அளவுக்கு வருவதில்லை; ஆனாலும் வரும் உயர்வே ஒரு நோயாளிக்குப் பெரிது.

அடுக்கின் வலிமை எவ்வளவு என்று உலகம் 1998-ல் பார்த்தது. எச்.ஐ.வி.க்கான ரிடோனவிர், நார்விர் என்ற பெயரில் 1996-ல் அமெரிக்காவில் சந்தைக்கு வந்தது. இரண்டு ஆண்டுகள் எந்தக் குறையும் இல்லை. பிறகு திடீரென்று, தொழிற்சாலையிலிருந்து வரும் கேப்ஸ்யூல்கள் கரைவுச் சோதனையில் தோற்கத் தொடங்கின. வேதியியல் ஆய்வில் பிழை எதுவும் தெரியவில்லை, மூலக்கூறு அதேதான். அதுவரை யாரும் கண்டிராத புதிய படிக அடுக்கு ஒன்று உருவாகியிருந்தது. அது பழையதைவிட நிலையானது, அதனால் கரைவது மிகக் குறைவு. ஒருமுறை தலைகாட்டிய அந்த அடுக்கு மீண்டும் மீண்டும் தோன்றியது. அபாட் நிறுவனம் கேப்ஸ்யூலைத் திரும்பப் பெற்றது. உயிர் காக்கும் மருந்தை நாள்தோறும் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் கசப்பான திரவத்துக்கு மாற வேண்டியதாயிற்று. அடுத்து வந்த மென்கேப்ஸ்யூலைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டியிருந்தது. அறை வெப்பநிலையில் வைக்கக்கூடிய மாத்திரை 2010-ல்தான் வந்தது. மருந்தைப் பாலிமரோடு சேர்த்து உருக்கி, படிக உருவற்ற நிலையிலேயே பிடித்துவைத்துச் செய்த மாத்திரை அது.

ஆக, வேண்டியவை மூன்று: மிகப் பெரிய பரப்பு, அடுக்கற்ற நிலை, அந்த நிலை குலையாமல் காக்கும் துணைப்பொருள். மூன்றையும் ஒரே ஓட்டத்தில் தருவதுதான் தெளிப்பு உறை உலர்த்தலின் சிறப்பு.

துளி, உறைவு, வெற்றிடம்

முதல் வேலை மருந்தைக் கரைப்பது. நீரில் கரையாத மருந்தை எதில் கரைப்பது? அசிட்டோநைட்ரைல், டெர்ட்-பியூட்டனால் போன்ற கரிமக் கரைப்பான்களில், தேவைப்பட்டால் நீரோடு கலந்து கரைக்கிறார்கள். டெர்ட்-பியூட்டனால் ஏறத்தாழ 25 டிகிரியிலேயே உறைந்துவிடும், உறைந்த நிலையிலிருந்து எளிதில் ஆவியாகியும் விடும். இந்த வேலைக்கென்றே அமைந்ததுபோல் பொருந்துகிறது. மருந்தோடு நீரில் கரையும் பாலிமர் ஒன்றையும் சேர்த்துக் கரைக்கிறார்கள். பி.வி.பி. எனப்படும் பாலிவினைல் பைரோலிடோன், செல்லுலோசிலிருந்து பெறும் எச்.பி.எம்.சி. ஆகியவை அதிகம் பயன்படுகின்றன. இப்போது மருந்து மூலக்கூறும் பாலிமர் சங்கிலியும் ஒரே கரைசலில் கலந்து நிற்கின்றன.

இந்தக் கரைசலை நுண்துளை முனை வழியாகப் பனிப்புகைபோல் தெளிக்கிறார்கள். துளிகள் போய் விழுவது −196 டிகிரியில் கொதித்துக்கொண்டிருக்கும் திரவ நைட்ரஜனில். சில பத்து மைக்ரோமீட்டர் குறுக்களவுள்ள துளி, மில்லிவிநாடிகளில் உறைந்துவிடுகிறது.

இந்த வேகத்தில்தான் எல்லாம் இருக்கிறது. கரைசல் மெதுவாக உறைந்தால், பனிப்படிகம் வளர்ந்துகொண்டே போய், கரைந்திருப்பவற்றை ஓரங்களுக்குத் தள்ளும். ஓரத்தில் செறிவு கூடக் கூட, மருந்து பாலிமரை விட்டுப் பிரிந்து தன் அடுக்கில் போய் அமர்ந்துகொள்ளும். நொடியில் உறைந்தால் பிரியவும் நேரமில்லை, அடுக்கவும் நேரமில்லை. கரைசலில் கலந்திருந்த அதே கலவை, திண்மமாகச் சிறைப்படுகிறது. பனிப்படிகங்களும் வளர வாய்ப்பில்லாமல் மிக நுண்ணியவையாகவே நின்றுவிடுகின்றன.

அடுத்தது உலர்த்தல். உறைந்த துளிகளைக் குளிர்ந்த தட்டுகளில் பரப்பி, காற்றை உறிஞ்சி வெளியேற்றுகிறார்கள். வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ 165-ல் ஒரு பங்குக்குக் கீழே போய்விட்டால் தண்ணீருக்குத் திரவ நிலையே கிடையாது. பனி உருகாமல் நேரே ஆவியாகிறது. பள்ளிப் பாடத்தில் சூடத்தை வைத்துப் படித்த பதங்கமாதல்தான் இது. உருகினால் எல்லாம் சரிந்து ஒட்டிக்கொள்ளும். உருகாமல் பனி வெளியேறுவதால், அது இருந்த இடமெல்லாம் துளையாக மிஞ்சுகிறது.

மிஞ்சும் துகளை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் உருண்டையாக, உடலெங்கும் நுண்துளைகளோடு கடற்பஞ்சு மாதிரி இருக்கும். 100 மில்லிலிட்டர் கரைசலில் 4 கிராம் திண்மம் இருந்ததென்று வைத்துக்கொள்வோம். துளி சுருங்காமல் உலர்ந்தால், துகளின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.04 கிராம். அதன் உருவத்தில் பெரும்பங்கு வெற்றிடம். இந்தத் துகள் நீரில் விழுந்ததும் துளைகள் நீரை உள்ளே இழுக்கின்றன. நீரை விரும்பும் பாலிமர் உடனே நனைகிறது. அதோடு பின்னிக்கிடந்த மருந்து மூலக்கூறுகள் விடுபடுகின்றன.

உறை உலர்த்தல் பழைய நுட்பம். ஆண்டிஸ் மலை மக்கள் உருளைக்கிழங்கை இரவுக் குளிரில் உறையவிட்டு உலர்த்திச் சேமித்தார்கள். இரண்டாம் உலகப்போரில் இரத்தப் பிளாஸ்மாவை இம்முறையில் உலர்த்திப் போர்க்களத்துக்கு அனுப்பினார்கள். தெளித்து உறையவைப்பதும் 1940-களிலேயே புரத ஆய்வில் பயன்பட்டது. கரையாத மருந்துகளுக்கு அதை முழுமூச்சாகத் திருப்பியது இந்த நூற்றாண்டின் தொடக்கம். ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் வில்லியம்ஸும் கீத் ஜான்ஸ்டனும் அவர்களுடைய மாணவர்களும் ஒரு சிறிய மாற்றம் செய்தார்கள். வழக்கமாகத் தெளிப்பு முனை திரவ நைட்ரஜனுக்கு மேலே இருக்கும். துளிகள் கீழே விழும் வழியிலேயே குளிர்ந்த ஆவியில் பாதி உறையும், ஒன்றோடொன்று மோதிச் சேரும். இவர்கள் முனையையே திரவ நைட்ரஜனுக்குள் மூழ்கவைத்தார்கள். கரைசல் பீறிட்ட கணமே திரவத்தோடு மோதிச் சிதறி உறைந்தது.

அவர்கள் எடுத்துக்கொண்ட மருந்துகளில் ஒன்று டனசோல். கருப்பை உட்சவ்வு நோய்க்குத் தரப்படும், நீரில் கரையாத மருந்து அது. உடல் வெப்பநிலையான 37 டிகிரியில் நடந்த கரைவுச் சோதனையில், நுண்ணியதாக அரைத்த டனசோல் இரண்டு நிமிடத்தில் 30 விழுக்காடு கரைந்தது. நீரில் கரையும் துணைப்பொருள்களோடு தெளித்து உறையவைத்து உலர்த்திய டனசோல், அதே இரண்டு நிமிடத்தில் 95 விழுக்காடு கரைந்தது.

கரைந்த பிறகு ஒரு கண்டம்

படிக உருவற்ற மருந்து கரையும்போது, படிகம் ஒருபோதும் எட்டமுடியாத செறிவை நீரில் உண்டாக்கிவிடுகிறது. இதை மிகைநிறைவு நிலை என்பார்கள். இந்த நிலை நீடிக்காது. எங்கோ ஒரு சிறு படிக விதை தோன்றினால் போதும். கரைந்ததெல்லாம் அதன்மேல் வந்து படிந்து, மீண்டும் வெளியே விழும். குடலில் இது நடந்தால் இவ்வளவு பாடும் வீண்.

இங்கேதான் பாலிமரின் இரண்டாவது வேலை தொடங்குகிறது. அதன் நீண்ட சங்கிலிகள் மருந்து மூலக்கூறுகளைத் தொட்டுக்கொண்டும், முளைக்கும் படிகத்தின் முகத்தில் ஒட்டிக்கொண்டும் அடுக்கு வளரவிடாமல் தடுக்கின்றன. என்றென்றைக்கும் தடுக்க வேண்டியதில்லை. சில மணி நேரம் தடுத்தால் போதும். அதற்குள் குடற்சுவர் மருந்தை எடுத்துக்கொள்ளும். ஒரு மருந்துக்கு எந்தப் பாலிமர், எந்த விகிதத்தில் என்பதைக் கண்டுபிடிப்பதில்தான் ஆய்வாளரின் காலம் பெரிதும் செலவாகிறது. இரண்டு நிமிடக் கரைவு வரைபடத்தை மட்டும் பார்த்து மகிழ்வது போதாது. இரண்டு மணி நேரம் கழித்தும் மருந்து கரைந்த நிலையிலேயே இருக்கிறதா என்பதே நோயாளிக்கு உதவும் கேள்வி.

இத்தனை நல்லதென்றால் எல்லா மருந்தும் ஏன் இப்படி வருவதில்லை?

முதல் தடை செலவு. ஒரு கிலோ திரவ நைட்ரஜன் ஆவியாகும்போது எடுத்துக்கொள்ளும் வெப்பம் ஏறத்தாழ 200 கிலோஜூல். ஒரு கிலோ தண்ணீரைப் பனியாக மாற்ற மட்டும் 334 கிலோஜூலை வெளியே எடுக்க வேண்டும். அதை மிகக் குளிர்ந்த நிலைக்குக் கொண்டுபோக இன்னும் தனி. ஆக, கரைசலின் எடையைப்போல் சில மடங்கு நைட்ரஜன் காற்றோடு போய்விடுகிறது. பிறகு அந்தப் பனியைப் பதங்கமாக்க, கிலோவுக்கு ஏறத்தாழ 2,800 கிலோஜூல் வெப்பத்தை வெற்றிடத்தில், உருகாதபடி, மெல்ல மெல்ல ஊட்ட வேண்டும். தட்டு உலர்த்தியில் இது ஒரு நாளைத் தாண்டுவதும் உண்டு. சூடான காற்றில் தெளித்து உலர்த்தும் ஸ்ப்ரே டிரையர் இதே வேலையை விநாடிகளில், தொடர் ஓட்டமாக முடித்துவிடும். அதனால்தான் தொழிற்சாலைகளின் முதல் தேர்வு இன்றும் சூடான காற்றுதான். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோய்க்கான ஐவகாஃப்டர் அப்படி உலர்த்தித் தயாராகும் மருந்து.

இரண்டாவது தடை கரைப்பான் எச்சம். அசிட்டோநைட்ரைல் ஒரு மருந்தில் பத்து லட்சத்தில் 410 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்பது பன்னாட்டு வரையறை. நுண்துளைகளுக்குள் சிக்கிய கடைசித் துளியையும் வெளியேற்றியாக வேண்டும்.

மூன்றாவது, பலரும் எதிர்பாராதது: இடம். அடர்த்தி 0.04 என்றால் 100 மில்லிகிராம் பொடி குறைந்தது 2.5 மில்லிலிட்டர் இடம் பிடிக்கும். மருந்துக்கடையில் நாம் பார்க்கும் பெரிய கேப்ஸ்யூல்களில் ஒன்றான பூஜ்ய எண் கேப்ஸ்யூலின் கொள்ளளவு 0.68 மில்லிலிட்டர்தான். அமுக்கி மாத்திரையாக்கலாம், ஆனால் அமுக்கும்போது, அரும்பாடுபட்டு உண்டாக்கிய துளைகள் நசுங்குகின்றன. 400 மில்லிகிராம் அளவில் தர வேண்டிய மருந்துக்கு இந்த முறை எளிதாகப் பொருந்தாததற்கு இதுவும் காரணம்.

நான்காவது ஈரம். பஞ்சுபோன்ற அந்தப் பொடி காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் மூலக்கூறுகளுக்கு அசையும் சுதந்திரம் தரும். அசையத் தொடங்கினால் அடுக்கு திரும்பும். சென்னைபோன்ற கடற்கரை ஊரின் புழுக்கத்தில் இரண்டு ஆண்டுகள் கெடாமல் நிற்க வேண்டும் என்றால், மாத்திரையைச் சுற்றும் மேலுறையும் மருந்தின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

குளிரே தேவைப்படும் இடங்கள்

இத்தனை தடைகளையும் தாண்டி இந்த முறை ஈடுகொடுக்கும் இடங்கள் இருக்கின்றன. சூடு பட்டால் சிதையும் மருந்துகள் முதலாவது. புரதங்கள், தடுப்பூசிப் பொருள்கள், சில நுண்ணுயிர்க்கொல்லிகள் ஆகியவற்றைச் சூடான காற்றில் விடமுடியாது. குறைந்த அளவிலேயே வேலை செய்யும் வலிமையான மருந்துகள் இரண்டாவது. சில மில்லிகிராமுக்கு இடப்பிரச்சினையே இல்லை.

மூன்றாவது, எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது, நுரையீரல். மூச்சோடு உள்ளிழுக்கும் பொடி ஆழத்துக்குப் போய்ச் சேர, காற்றில் அது 1 முதல் 5 மைக்ரோமீட்டர் துகள்போல் நடந்துகொள்ள வேண்டும். காற்றில் ஒரு துகள் எப்படிப் பயணிக்கும் என்பதை அதன் அளவோடு அடர்த்தியின் வர்க்கமூலமும் சேர்ந்து தீர்மானிக்கிறது. 20 மைக்ரோமீட்டர் துகளின் அடர்த்தி 0.04 என்றால், வர்க்கமூலம் 0.2, அது காற்றில் 4 மைக்ரோமீட்டர் துகள்போல் மிதக்கும். பெரிய துகள் என்பதால் ஒன்றோடொன்று ஒட்டாது. எடை குறைவு என்பதால் ஆழத்துக்குப் போகும். துளைகள் நிறைந்ததால் அங்கிருக்கும் மெல்லிய ஈரப்படலத்தில் உடனே கரையும். மாத்திரைக்குக் குறையாக நின்ற அந்த வெற்றிடம் நுரையீரலுக்கு வரமாகிறது. நுரையீரலில் வேர்விடும் பூஞ்சைத் தொற்றும் காசநோயும் மலிந்த நாட்டில், மருந்தை நோயின் இடத்திலேயே கொண்டுபோய்க் கரைப்பது ஆராய்ந்து பார்க்க வேண்டிய வழி. டெக்சாஸ் குழுவின் அடுத்த தலைமுறை முறை, துளிகளைத் திரவ நைட்ரஜனில் தெளிக்காமல் குளிரூட்டிய உலோகப் பரப்பில் மெல்லிய படலமாக உறையவைக்கிறது. அந்த வழியில் உருவான வோரிகோனசோல் பூஞ்சைக்கொல்லிப் பொடி மனிதர்களிடம் சோதனை செய்யும் கட்டம்வரை போயிருக்கிறது.

இந்த நுட்பம் நமக்கு அன்னியமானதும் அல்ல. உணவுப் பொறியியல் ஆய்வாளர் சி. ஆனந்தராமகிருஷ்ணன் இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காக எடுத்துக்கொண்டதே, புரதங்களைத் தெளித்து உறையவைத்து உலர்த்துவதைத்தான். மைசூருவின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தில் அவர் குழு இதே முறையில் வெனிலின், மீன் எண்ணெயில் உள்ள டி.ஹெச்.ஏ., நன்மை செய்யும் பாக்டீரியா ஆகியவற்றை உலர்த்திக் காட்டியது. 2015-ல் வந்த ஆய்வொன்றில் உடனடிக் காபித்தூளையும் இப்படிச் செய்து, சூடான காற்றில் உலர்த்தியதைவிட மணம் கூடுதலாகத் தங்குவதைக் காட்டினார்கள். பின்னர் தஞ்சாவூரில் உள்ள மத்திய அரசின் உணவுப் பதப்படுத்துதல் நிறுவனத்துக்கும் அவர் இயக்குநராக இருந்தார். காபியின் மணமும் மருந்தின் கரைவும் ஒரே இயற்பியலைச் சார்ந்தவை: வேகமாக உறையவை, உருகவிடாமல் உலர்த்து, ஈரத்திலிருந்து காப்பாற்று. இதைத் தெரிந்த கைகள் நம் ஊர்களிலேயே இருக்கின்றன.

உணவுப் பொறியியல் ஆய்வகங்களும் மருந்தாக்கவியல் துறைகளும் இங்கே தனித்தனியே இயங்குகின்றன. நைட்ரஜன் செலவைக் குறைக்கும், தட்டுகளுக்குப் பதில் தொடர் ஓட்டமாக உலர்த்தும் கருவிகளை இவ்விரு தரப்பும் சேர்ந்து வடிவமைக்க வேண்டும். பணம் படைத்த நாடுகளின் அரிய நோய்களுக்கு இந்த உழைப்பு எப்படியும் கிடைத்துவிடும். மலேரியாவுக்கும், காசநோய்க்கும், நாடாப்புழுக் கட்டிக்கும் ஆன மருந்துகளுக்கு அதைச் செய்யும் பொறுப்பு, அந்த நோய்களோடு வாழும் நாடுகளின் பொது ஆய்வகங்களுடையது. மலிவான மூலக்கூறு என்பதற்காக மலிவான கரைவோடு அதை விட்டுவிடக்கூடாது.

அதுவரை வீட்டில் நாம் செய்யக்கூடியதும் இருக்கிறது. சாப்பாட்டோடு என்று மருத்துவர் எழுதினால், பல மருந்துகளில் அது வயிற்றெரிச்சலைத் தவிர்ப்பதற்காக மட்டுமல்ல. மருந்து கரைவதே அதை நம்பியிருக்கலாம். சாப்பிட முடியாத நிலையில் இருக்கும் நோயாளிக்கு என்ன செய்வது என்று தயங்காமல் கேட்க வேண்டும். அலுமினியத் தாளில் அடைத்து வரும் மாத்திரையை முன்கூட்டியே பிரித்து, வாரத்துக்குரிய டப்பாவில் கொட்டி வைப்பதற்கு முன் மருந்தாளுநரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. ஈரம் புகாத அந்தத் தாள், மாத்திரைக்குள் இருக்கும் அடுக்கற்ற நிலையைக் காப்பதற்காகவே சுற்றப்பட்டிருக்கலாம். மாத்திரையைப் பொடித்தோ, கேப்ஸ்யூலைத் திறந்தோ கொடுப்பதற்கு முன்பும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும். ஆய்வகத்தில் ஆண்டுக்கணக்கில் உழைத்து அமைத்த ஒரு நுண்ணிய கட்டுமானம் அந்த மாத்திரைக்குள் இருக்கக்கூடும். அது கெடாமல் குடல்வரை போய்ச் சேர்ந்தால்தான் அந்த உழைப்பு நோயாளிக்குப் பயன்படும்.